வட்டவளைத் தேயிலையும் போர்தோ வைனும்: சுவைத் தெரிவின் ஒப்பீட்டு வரலாறு

இலங்கையின் மத்திய மலைநாட்டில், நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் புகையிரதப் பாதையில் கலபொடவுக்கும் ரொசல்லவுக்கும் இடையில் அமைந்துள்ள வட்டவளை, நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்றாகும். கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று முதலில் முட்டும் மலைமுகங்களுள் இதுவும் ஒன்றாதலால், ஆண்டு மழைவீழ்ச்சி இங்கு 5000 மில்லிமீற்றரைத் தாண்டுவதுண்டு. புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில் உள்ளது. தேயிலை வணிகம் 600 மீற்றருக்குக் கீழ்ப்பட்டதைத் தாழ்நிலத் தேயிலை என்றும், 1200 மீற்றருக்கு மேற்பட்டதை உயர்நிலத் தேயிலை என்றும், இடைப்பட்டதை நடுநிலத் தேயிலை என்றும் வகுப்பதால், வட்டவளை நடுநிலத்தின் மேல்விளிம்பில், உயர்நிலத்தின் வாசலில் நிற்கும் ஊர் எனலாம். இவ்வூரைக் கடந்து கிழக்கே செல்லச் செல்ல டிக்கோயா, பொகவந்தலாவை, தலவாக்கலை என உயர்ந்துகொண்டே போகும் மலைகள், டிம்புள்ள என்னும் பொதுப்பெயரால் தேயிலைச் சந்தையில் அறியப்படுகின்றன.

ஒரு பானத்தின் சுவையை அது விளைந்த நிலத்தோடும் பருவத்தோடும் சேர்த்து அறிந்து, அதற்கு இயைந்த உணவோடு பரிமாறும் கலையை மிக நுட்பமாக வளர்த்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். மண், சரிவு, வெயில், காற்று, மழை, அந்நிலத்தில் தலைமுறைகளாக உழைத்தோரின் கைப்பழக்கம் ஆகியவற்றின் கூட்டு விளைவை அவர்கள் தெர்வார் என்னும் ஒரே சொல்லில் அடக்குவர். அக்கூறுகள் யாவும் வட்டவளையைச் சூழ்ந்த மலைகளிலும் உண்டு. ஆயினும், மார்கோ, ஷப்லி, சோத்தேர்ன் போன்ற பிரெஞ்சுச் சிற்றூர்களின் பெயர்களைச் சொல்லி உலகெங்கும் வைன் கேட்டு வாங்கப்படுகையில், டிம்புள்ள என்றோ டிக்கோயா என்றோ பெயர் சொல்லித் தேயிலை கேட்போர் வணிகர் வட்டத்துக்கு வெளியே அரிதாகவே உள்ளனர். இவ்வேறுபாட்டைச் சுவையின் ஏற்றத்தாழ்வைக் கொண்டு விளக்கிவிட முடியாது. சுவைத்துத் தரம் சொன்னவர் யார், பெயரைக் காத்தவர் யார், செடி யாருக்குச் சொந்தமாக இருந்தது என்னும் வினாக்களை இரு வணிகங்களின் வரலாற்றிடமும் கேட்டுப் பார்க்கும்போதே அதன் காரணம் புலப்படும்.

இரு நோய்கள்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டிம்புள்ள, டிக்கோயா மலைகளின் காடுகள் அழிக்கப்பட்டது தேயிலைக்காக அன்று, கோப்பிக்காக. பிரித்தானிய முதலீட்டாளர்கள் திறந்த இத்தோட்டங்களுக்குத் திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் கங்காணிமார் வழியாகத் திரட்டிக் கொண்டுவரப்பட்டனர். 1869ஆம் ஆண்டில் கோப்பிச் செடியின் இலையடியில் செம்மஞ்சள் தூளாகப் படியும் ஒரு பூஞ்சண நோய் இலங்கையில் இனங்காணப்பட்டது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிடப்பட்ட அந்நோய் இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழிலை ஏறத்தாழ முற்றாக அழித்தது.

அதற்கு ஓராண்டு முன்னர், 1868இல், தெற்குப் பிரான்சில் காரணம் தெரியாமல் வாடிக்கொண்டிருந்த திராட்சைக் கொடிகளின் வேர்களை ஆராய்ந்த தாவரவியலாளர் ஜூல் எமீல் பிளான்ஷோனும் அவருடைய குழுவினரும், அவ்வேர்களில் சாறு உறிஞ்சும் மஞ்சள் நிறச் சிறு பூச்சியைக் கண்டனர். அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த ஃபைலொக்சரா என்னும் அப்பூச்சி அடுத்த இரு பத்தாண்டுகளில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதியைப் பாழாக்கியது. இரு நாடுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே வகையான அழிவைச் சந்தித்தபோதிலும், அவை தேடிய தீர்வுகள் வேறுபட்டன. பிரெஞ்சு விவசாயிகள் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடிகளின் வேர்த்தண்டில் தம் பழைய கொடிகளை ஒட்டுக்கட்டி, அதே நிலத்தில் அதே திராட்சையை மீண்டும் வளர்த்தனர். நிலத்தின் பெயரும் கொடியின் பெயரும் அறுபடாமல் தொடர்ந்தன. இலங்கையின் பிரித்தானியத் தோட்டத் துரைமாருக்கோ நிலம் ஒரு முதலீடாக மட்டுமே இருந்ததால், கோப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு பயிரை நாடுவதில் அவர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை.

அந்த வேறு பயிருக்கான வழியை லூல்கந்துர தோட்டத்தின் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டுத் திறந்து வைத்திருந்தார். 1873இல் 23 இறாத்தல் இலங்கைத் தேயிலை லண்டனுக்கு அனுப்பப்பட்டது. நூற்றாண்டு முடிவதற்குள் தேயிலை 3 இலட்சம் ஏக்கருக்கும் அதிகமான நிலத்தில் பரவிவிட்டது. 1874இல் நாவலப்பிட்டியை எட்டியிருந்த புகையிரதப் பாதை 1884இல் வட்டவளை வழியாக ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தபோது, மாட்டு வண்டிகளை நம்பியிருந்த மலைகள் கொழும்புத் துறைமுகத்தோடு நேராக இணைந்தன.

தரகரின் நாக்கு

போர்தோ நகரைச் சூழ்ந்த தோட்டங்களின் புகழ்பெற்ற தரவரிசை 1855ஆம் ஆண்டுக்குரியது. மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியில் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக அதைத் தயாரித்தவர்கள் திராட்சை பயிரிட்டவர்களோ அறிஞர்களோ அல்லர். தோட்டத்துக்கும் வணிகருக்கும் இடையில் நின்று விலை பேசிய வைன் தரகர்களே அதை வரைந்தனர். பல பத்தாண்டுகளாக எந்தத் தோட்டத்தின் வைன் என்ன விலைக்குப் போயிற்று என்னும் தம் கணக்கேடுகளை அடிப்படையாகக் கொண்டு அவர்கள் செந்நிற வைன்களை ஐந்து படிகளாக வகுத்தனர். முதற்படியில் லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கு தோட்டங்கள் இடம்பெற்றன. 1973இல் மூத்தோன் அவற்றோடு சேர்க்கப்பட்டது. நிலத்தின் பெருமைக்குச் சான்றாக இன்று காட்டப்படும் இப்பட்டியல், பிறப்பால் ஒரு விலைப்பட்டியலே ஆகும்.

இலங்கையில் இதற்கு இணையான நிறுவனம் கொழும்புத் தேயிலை ஏலம். அது 1883 ஜூலை 30ஆம் நாள் சோமர்வில் கம்பனியின் அலுவலகத்தில் தொடங்கியது. தோட்டம் ஒவ்வொன்றும் தன் விற்பனைக் குறியோடு, அதாவது சந்தையில் தனக்குரிய பதிவுப் பெயரோடு, தேயிலையைத் தரகருக்கு அனுப்பும். தரகர் அதைச் சுவைத்து மதிப்பீட்டு விலை குறித்துப் பட்டியலில் அச்சிடுவார். வாங்குவோர் தம் சுவைஞர்களைக் கொண்டு மாதிரிகளைச் சோதித்த பின்னர் ஏலம் கேட்பர். 2020 ஏப்ரலில் கொவிட் பெருந்தொற்றின்போது இணையவழிக்கு மாறும்வரை, குரல் கொடுத்துக் கேட்கும் இவ்வேலம் ஒரே முறையில் நடந்து வந்தது. எனினும், தொடக்க காலத்தில் விலையை உண்மையில் தீர்மானித்தது லண்டனின் மின்சிங் லேன் தெருவில் நடந்த ஏலமே. மஸ்கெலியாவின் கார்ட்மோர் தோட்டத்துத் தேயிலை 1891இல் அங்கு இறாத்தல் 25 பவுணுக்கு மேல் விலைபோனது. பொன்னிற மொட்டுகளை மட்டும் பொறுக்கிச் செய்யப்பட்ட சிறு அளவுத் தேயிலை அது. அதை வாங்கிய நிறுவனத்துக்கு அது விளம்பரமாகவும், மலைநாட்டுக்கு அது நற்பெயராகவும் பயன்பட்டது.

தேயிலையைச் சுவைக்கும் முறை ஒரு சடங்குக்குரிய ஒழுங்குடையது. நீண்ட மேசையில் மூடியுள்ள வெண்பீங்கான் கோப்பைகள் வரிசையாக வைக்கப்படும். ஒவ்வொன்றிலும் 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் என்னும் அளவில் தேயிலை இடப்பட்டு, அப்போதுதான் கொதித்த நீர் ஊற்றப்படும். ஐந்தாறு நிமிடம் ஊறிய பின் வடிநீர் கிண்ணத்தில் இறக்கப்பட்டு, ஊறிய இலை மூடியின் மேல் கவிழ்த்து வைக்கப்படும். உலர்ந்த தூள், ஊறிய இலை, வடிநீர் ஆகிய மூன்றையும் சுவைஞர் பார்வையிடுவார். ஊறிய இலை புதுச் செப்புக்காசின் நிறத்தில் இருந்தால் உற்பத்தி செம்மையாக நடந்துள்ளது என்பதும், பச்சையோடியிருந்தால் நொதிப்பு போதவில்லை என்பதும், கருத்திருந்தால் அது மிஞ்சிவிட்டது என்பதும் அவருக்கு உடனே விளங்கும். பின்னர் அவர் கரண்டியளவு வடிநீரை ஓசையெழ உறிஞ்சுவார். காற்றோடு சேர்ந்து நாவெங்கும் தெறிக்கும் நீரின் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்கை அடைவதற்கு அவ்வோசை இன்றியமையாதது. உறிஞ்சியதைத் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்ந்தவாறே அவர் சொல்லும் ஓரிரு சொற்களை உதவியாளர் குறித்துக்கொள்வார். வைன் சுவைஞரும் ஏறத்தாழ இதையே செய்கிறார். வேறுபாடு, அவர் கோப்பையைச் சுழற்றி மணத்தை முதலில் முகர்வதும், அவருடைய குறிப்புகள் பின்னர் நுகர்வோர் படிக்கும் நூல்களாக வெளிவருவதும்தான். தேயிலைச் சுவைஞரின் குறிப்பு வணிகருக்கு அப்பால் செல்வதில்லை.

அக்குறிப்புகளில் மேற்குச் சரிவுத் தேயிலைக்கு, அதாவது டிம்புள்ளத் தேயிலைக்கு, மிகுதியாக வழங்கும் பாராட்டுகள் மூன்று. முதலாவது துலக்கம், வடிநீர் கலங்கலின்றி ஒளிர்வது. இரண்டாவது விறுவிறுப்பு, நாக்கை உயிரோடு தட்டியெழுப்பும் துவர்ப்பு. மூன்றாவது திண்மை, வாயில் நீராக ஓடிவிடாமல் தங்கும் கனம். இலையிலுள்ள பொலிஃபீனோல்கள் காற்றோடு வினைபுரிகையில் முதலில் உருவாகும் தீஃபிளேவின் என்னும் பொருள் துலக்கத்தையும் விறுவிறுப்பையும், தொடர்ந்து உருவாகும் தீரூபிஜின் நிறத்தையும் கனத்தையும் தருகின்றன. இவ்வினையை எந்த நொடியில் சூட்டால் நிறுத்துவது என்பதைத் தொழிற்சாலை அதிகாரி, தோட்டத் தமிழில் சொன்னால் டீமேக்கர், மூக்கையும் கண்ணையும் கொண்டே தீர்மானிக்கிறார்.

பருவத்தின் முத்திரை

பிரெஞ்சு வைனின் புட்டியில் ஆண்டு பொறிக்கப்படுவது அவ்வாண்டின் வெயிலும் மழையும் சுவையில் பதிந்திருப்பதால். ஆண்டுக்கு ஒரே அறுவடை காணும் திராட்சைக்கு அது போதுமானது. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை கொழுந்து பறிக்கப்படும் தேயிலைக்கோ மாதமே, சில வேளைகளில் வாரமே, அளவுகோலாகிறது. மேற்குச் சரிவுகளின் தரப் பருவம் ஜனவரி முதல் மார்ச் வரையானது. வடகீழ்ப் பருவமழை கிழக்கு மலைகளில் பொழிந்து முடிந்த பின் டிம்புள்ளயை வறண்ட காற்றும் பனிக்குளிர் இரவுகளும் சூழ்கின்றன; கொழுந்து மெதுவாக வளர்கிறது, மணப்பொருள்கள் அதில் செறிகின்றன. மலைத்தொடரின் மறுபுறத்தில் ஊவாவுக்கு இது நேர்மாறு: ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று மேற்கே மழையைக் கொட்டிவிட்டு வறண்டு அங்கு இறங்குகையில், மீதைல் சலிசிலேற்று என்னும் சேர்மத்தால் தைல மணம் கமழும் தனித்தன்மை வாய்ந்த தேயிலை பிறக்கிறது. ஒரே தீவில், ஒரே செடியினத்திலிருந்து, ஒரு மலைமுகட்டின் இருபுறத்தில் இருவேறு சுவைகள் தோன்றுவது பர்கண்டியின் அடுத்தடுத்த வயல்கள் தரும் வேறுபாட்டுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

வட்டவளையின் இயல்பு இப்பின்னணியில்தான் விளங்கிக்கொள்ளத்தக்கது. தென்மேற்குப் பருவத்தில் இங்கு கொழுந்து செழித்துப் பெருகும். ஆனால் அது நீர் சுமந்த கொழுந்து. பறித்த இலையைத் தொழிற்சாலையின், அதாவது தோட்ட மக்கள் ஸ்டோர் என்று சொல்லும் கட்டடத்தின், மேல்மாடியில் பரப்பி, எடையில் ஏறத்தாழப் பாதி குறையும்வரை பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் காற்றில் வாட்டுவது முதற்படியாகும். மழைக்காலத்தில் இலையின் மேல் ஒட்டிய நீர் முதலில் போக வேண்டும்; வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால் சூடேற்றிய காற்றைச் செலுத்தியாக வேண்டும். வாட்டுதல் சீராக அமையாவிட்டால் உருட்டும் இயந்திரத்தில் இலை நசுங்கிச் சாறு வழிந்து, சுவை மெலிந்துவிடும். ஆதலால் இம்மலைகளில் ஜூன் மாதத் தேயிலை நிறமும் கனமும் கொண்டதாகவும், பெப்ரவரி மாதத் தேயிலை மணமும் துலக்கமும் கொண்டதாகவும் அமைவது இயல்பு. முன்னது பாலுக்கும் பின்னது வெறும் தேநீருக்கும் உரியது. அதே மழை பறிப்பவரின் கணக்கிலும் புகுந்தது: நிறுக்கும்போது நனைந்த கூடைக்கென ஒரு பங்கு எடை கழிக்கப்படுவது, வட்டவளை போன்ற மழைத் தோட்டங்களில் நெடுங்காலம் நீடித்த பிணக்காகும்.

உணவு மேசையும் அம்மிக்கல்லும்

வைனை உணவோடு இணைக்கும் பிரெஞ்சு மரபின் அடிப்படை விதி எளியது: ஒரே மண்ணில் விளைந்தவை ஒன்றோடொன்று இயையும். போயாக்கின் ஆட்டிறைச்சிக்கு அவ்வூர்ச் செந்நிற வைன், பர்கண்டியில் மாட்டிறைச்சியைச் சமைப்பதற்கும் அதனுடன் பருகுவதற்கும் அந்நிலத்துப் பினோ நுவார் என்பவை அவ்விதியில் பிறந்த இணைகள். கடல் சிப்பிக்கு ஷப்லியின் புளிப்புள்ள வெள்ளை வைனையும், உவர்ப்பு மிகுந்த ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்குச் சோத்தேர்னின் இனிப்பு வைனையும் சேர்ப்பது, மாறுபட்ட சுவைகளை மோதவிட்டு நிறைவு காணும் மற்றொரு விதியின் பாற்பட்டது. இவற்றுக்குப் பின்னால் உள்ள வேதியியல் பொதுவானது. செந்நிற வைனின் துவர்ப்புப் பொருளான டானின், உமிழ்நீரின் புரதத்தோடு பிணைந்து வாயை வறளச் செய்கிறது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் வரும்போது டானின் அவற்றோடு பிணைவதால் துவர்ப்பு தணிந்து பழச்சுவை மேலெழுகிறது. தேநீரில் பால் செய்யும் வேலையும் இதுவே: பாலின் கேசின் என்னும் புரதம் இலையின் பொலிஃபீனோல்களைப் பற்றிக்கொள்வதால் விறுவிறுப்பு மென்மையாகிறது.

துரைமாரின் பங்களாக்களில் இவ்விரு பானங்களும் சந்தித்தன. 1860ஆம் ஆண்டு பிரித்தானியாவும் பிரான்சும் செய்துகொண்ட வணிக உடன்படிக்கைக்குப் பின் பிரெஞ்சு வைன் மீதான வரி குறைந்து, கிளாரெட் என்று ஆங்கிலேயர் அழைத்த போர்தோச் செந்நிற வைன் நடுத்தர வகுப்பினரின் மேசைக்கும் எட்டியது. அந்தத் தலைமுறையினரே டிக்கோயாவையும் டிம்புள்ளயையும் திறந்தவர்கள். 1876இல் நுவரெலியாவில் நிறுவப்பட்ட ஹில் கிளப் போன்ற மன்றங்களிலும், தோட்டத்துப் பெரிய பங்களாக்களிலும் இரவு உணவுக்கு வைனும், விடியற்காலைக்கும் மாலைக்கும் தேநீரும் என்ற வழக்கம் நிலைத்தது. அவ்வீடுகளின் குசினியில் உழைத்தோர் தாம் பருகாத பானங்களின் வரிசையையும், எக்கோப்பை எந்த உணவோடு வர வேண்டும் என்பதையும் மனப்பாடமாக அறிந்திருந்தனர்.

டிம்புள்ளத் தேயிலையின் சுவை உருவானதில் பிரித்தானியக் காலையுணவுக்குப் பெரும்பங்கு உண்டு. வெண்ணெய் தடவிய பாண், முட்டை, பன்றியிறைச்சி ஆகியவற்றின் கொழுப்பை வெட்டவும், பால் ஊற்றிய பின்னும் நிறம் மங்காமல் நிற்கவும் வல்ல தேயிலையையே சந்தை கேட்டது. ஆகவே முழு இலைத் தேயிலையைக் காட்டிலும் உடைந்த இலைத் தரங்களான பி.ஓ.பி.யும், அதனினும் சிறியதான பி.ஓ.பி.எஃப்.உம் இம்மலைகளின் முதன்மை உற்பத்தியாயின. சிறு துணுக்கு வேகமாக ஊறி அடர்ந்த நிறம் தரும். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே கோப்பைக்கு என்னும் பொருள்பட விளம்பரம் செய்தபோதிலும், அவர் விற்றது கலவைத் தேயிலையே. பிரித்தானிய நகரங்களின் நீர் கடினமாகவும் மென்மையாகவும் வேறுபட்டதால், அந்தந்த நகரின் நீருக்கு ஏற்பக் கலவைகள் அமைக்கப்பட்டன. பொதியில் நின்றது அவருடைய பெயர். மலையின் பெயர் கலவையில் கரைந்தது.

பங்களாவுக்குக் கீழே, தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களில், வேறொரு இணை உருவாகியிருந்தது. விடியுமுன் பிரட்டுக்களத்தில், அதாவது ஆட்களைக் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்தில், நிற்க வேண்டியிருந்த குடும்பங்களுக்கு முதல் உணவு வெறும் தேத்தண்ணி. தொடக்கத்தில் தோட்ட நிர்வாகம் சம்பளத்தில் கழித்துக்கொண்டு கொடுத்த அரிசியே முதன்மை உணவாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் கோதுமை மா பரவியபோது, காலையில் சுட்டு மலைக்கும் எடுத்துச் செல்லத்தக்க ரொட்டி அதன் இடத்தைப் பிடித்தது. செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும் தேங்காயும் அம்மியில் அரைபட்ட சம்பல், அந்தத் தடித்த ரொட்டிக்குத் துணை. போத்தலில் அடைத்து மலைக்குக் கொண்டுபோன தேத்தண்ணியில் சீனி இருந்ததோ இல்லையோ, சாயம் கடுமையாக இருந்தது. தோட்டம் தொழிலாளருக்குக் கொடுத்த தூள் ஏற்றுமதிக்குரிய உயர்தரங்களைச் சேர்ந்ததாகப் பெரும்பாலும் இருப்பதில்லை. சீனி அரிதாக இருந்த வீடுகளில் அதைக் கோப்பையில் கரைக்காமல் உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டோ, கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டோ தேத்தண்ணி குடிப்பது வழக்கமாயிற்று.

வறுமையின் கணக்கில் பிறந்த இவ்விணை, சுவையின் கணக்கிலும் பிழையற்றது. தேங்காயின் கொழுப்பு நாவில் படிய, கடுஞ்சாயத்தின் துவர்ப்பு அதைத் துடைத்தெடுக்கிறது. மாவின் மந்தத்தை மிளகாய் கிளப்ப, இனிப்புத் துண்டு அந்த எரிவைத் தணிக்கிறது. மிளகாய் மிகுந்த உணவோடு டானின் செறிந்த செந்நிற வைன் பொருந்துவதில்லை என்பதும், மதுச்சாரமும் துவர்ப்பும் எரிவைக் கூட்டும் என்பதும், அதற்கு மாறாக அல்சாஸ் பகுதியின் சற்றே இனிப்புள்ள வெள்ளை வைன்களே அத்தகைய உணவுக்குப் பரிந்துரைக்கப்படுவதும் வைன் நூல்களில் காணப்படும் பாடங்கள். எரிவுக்கு இனிப்பு என்னும் அதே தீர்வை லயத்து மக்கள் எந்த நூலும் இன்றிக் கண்டடைந்திருந்தனர். ஆயினும் ஷப்லியும் சிப்பியும் பெற்ற ஏட்டுத் தகுதி இதற்கு வாய்க்கவில்லை. சுவையைப் பற்றி எழுதும் உரிமையும் மேசைக்கு உரியவர்களிடமே இருந்தது.

பெயரின் உரிமை

பிரெஞ்சு வைனின் ஊர்ப்பெயர்கள் இயற்கையாகவே காக்கப்பட்டு வந்தவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் போர்தோவின் தோட்டங்கள் தம் வைனைப் பீப்பாய்களில் நகரத்து வணிகருக்கு விற்றன. வணிகர் அதைத் தம் நிலவறைகளில் முதிர்வித்து, நிறமும் கனமும் கூட்ட ரோன் பள்ளத்தாக்கின் எர்மித்தாஜ் வைனையும் கலந்து விற்பதுண்டு. இலங்கைத் தேயிலை பெட்டிகளில் லண்டனுக்குப் போய்க் கலவையானதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. மாற்றம் தொடங்கியது விவசாயிகளின் கிளர்ச்சியால். 1907இல் தெற்கே லாங்தொக் பகுதியில், சீனியும் நீரும் சேர்த்துச் செய்யப்பட்ட போலி வைனால் விலை வீழ்ந்ததை எதிர்த்து இலட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினர். அரசு படையை அனுப்பியது, உயிர்கள் பலியாயின. 1911இல் ஷாம்பெய்ன் பகுதியில், வெளியூர்த் திராட்சையைக் கொண்டுவந்து தம் ஊர்ப்பெயரில் விற்ற வணிகரின் கிடங்குகளை விவசாயிகள் தாக்கினர். 1924இல் மூத்தோன் தோட்டத்தின் பிலிப் த ரோத்ஷில்ட் தம் விளைச்சல் முழுவதையும் தோட்டத்திலேயே புட்டியில் அடைக்கத் தொடங்கினார். இறுதியில் 1935ஆம் ஆண்டின் சட்டம், ஓர் ஊரின் பெயரை வைனுக்கு இட வேண்டுமாயின் அவ்வெல்லைக்குள் விளைந்த, வரையறுத்த இனத் திராட்சையைக் கொண்டு, வரையறுத்த முறையில் அதைச் செய்திருக்க வேண்டும் என்று விதித்தது.

இலங்கைத் தேயிலையும் தன் பெயரைக் காக்க முயலாமல் இல்லை. 1932இல் அமைக்கப்பட்ட தேயிலைப் பிரசாரச் சபையும், 1976இல் தோன்றிய இலங்கைத் தேயிலைச் சபையும் நாட்டின் பெயரை உலகெங்கும் பரப்பின. முழுவதும் இலங்கையில் விளைந்து இலங்கையிலேயே பொதியிடப்பட்ட தேயிலைக்கு மட்டும் சிங்க இலச்சினை வழங்கப்படுகிறது. 1980களில் அறிமுகமான டில்மா, வெவ்வேறு உயரங்களின் தேயிலைகளை ரன் வத்த, உட வத்த, மெத வத்த, யட வத்த எனப் பெயரிட்டு வைன் வகைகளோடு ஒப்பிட்டு விற்றது. தேநீரை உணவோடு இணைத்துப் பரிமாறும் பழக்கத்தையும் அது வளர்த்தது. எனினும் இக்காப்பு பெரும்பாலும் நாட்டின் பெயரையே சார்ந்தது. வட்டவளை என்னும் பெயர் இன்று இலங்கையின் எந்தப் பலசரக்குக் கடையிலும் கேட்கக்கூடியதுதான். ஆனால் அது ஒரு பொதித் தேயிலையின் வணிகப் பெயர். மார்கோ என்னும் பெயர் அவ்வூரின் நிலத்துக்குச் சட்டத்தால் கட்டுண்டிருப்பதைப் போன்ற பிணைப்பு அதற்கு இல்லை.

இவ்வேறுபாட்டின் வேர் உடைமையில் உள்ளது. லாங்தொக்கிலும் ஷாம்பெய்னிலும் கிளர்ந்தவர்களில் பெரும்பாலோர் சிறிதளவேனும் கொடிக்குச் சொந்தக்காரர்கள். ஊர்ப்பெயரின் மதிப்பு வீழ்ந்தால் அவர்கள் வருவாயும் வீழ்ந்தது, ஆதலால் பெயருக்காகப் போராடினர். டிக்கோயாவிலும் வட்டவளையிலும் கொழுந்து பறித்தவருக்குச் செடியும் சொந்தமில்லை, குடியிருந்த லயத்து அறையும் சொந்தமில்லை. அவர்களுடைய போராட்டம் பேருக்காக, அதாவது தோட்ட வழக்கில் ஒரு நாள் வேலைக்குரிய சம்பளப் பதிவுக்காக, நடந்தது. 1927இன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம், 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனைத் தளமாகக் கொண்டு அமைத்த தொழிற்சங்கம், 1940இல் முல்லோயாவில் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் உயிரிழந்த வேலைநிறுத்தம் என அப்போராட்டம் நீண்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியபோது, தேயிலையின் பெயரைப் பற்றிச் சிந்திப்பதற்கு முன்னர் தம் பெயரை வாக்காளர் பட்டியலில் மீட்டெடுக்க வேண்டிய நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டனர். நாடற்றோராக எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமையை உறுதிசெய்த சட்டம் 2003இலேயே நிறைவேறியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் நிலம் கைமாறியது. பறிப்பவர் கைக்கு அது வரவில்லை. இன்று நாட்டின் தேயிலையில் பெரும்பகுதியைத் தரும் சிறு உடைமையாளர்கள் தாழ்நிலத் தென்மாவட்டங்களிலேயே மிகுந்துள்ளனர். தேயிலையின் புகழைக் கட்டியெழுப்பிய உயர்மலைகளில் அம்மாற்றம் மிகக் குறைவு.

வைனைத் தெரிந்தெடுப்போர் ஊர், ஆண்டு, செய்தவர் ஆகிய மூன்றையும் புட்டியில் தேடுவதைப் போலவே, தேயிலையைத் தெரிந்தெடுப்போரும் மாவட்டம், பறித்த மாதம், தரம், தொழிற்சாலைக் குறி ஆகியவற்றைப் பொதியில் தேடலாம். இவை யாவும் ஏலப் பட்டியலுக்காக ஏற்கெனவே பதிவாகும் விவரங்களாதலால் நுகர்வோருக்கு வெளியிடுவதில் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. அத்தகைய பொதி கைக்குக் கிட்டினால், பெப்ரவரித் தேயிலையைப் பாலின்றியும், மழைக்காலத் தேயிலையைப் பாலோடும், கடுஞ்சாயத்தை ரொட்டியோடும் சம்பலோடும் பருகிப் பார்ப்பது மேற்குச் சரிவின் தெர்வாரை அறிவதற்கான நேர்வழியாகும். ஆனால் ஊர்ப்பெயர் நிலைபெறுவதற்குச் சுவைஞரின் பாராட்டு மட்டும் போதாது என்பதையும், அப்பெயரின் ஏற்றத்தில் தன் ஏற்றத்தைக் காணும் உழவர் இருந்தால்தான் அதைக் காக்கும் சட்டமும் பிறக்கும் என்பதையும் பிரான்சின் வரலாறு காட்டுகிறது. ஆதலால் வட்டவளைத் தேயிலைக்குத் தனித்த மதிப்பை வேண்டுவோர், அவ்வேண்டுகோளைக் கொழுந்து பறிப்பவரின் நிலவுரிமைக் கோரிக்கையோடு சேர்த்தே முன்வைக்க வேண்டியவர்களாகின்றனர்.